ரப்பர் உறை கிழிந்தால் பால் ஜாயிண்ட் போச்சு

நெய்வேலியில் கார் ஓட்டுகிற யாருக்கும் அந்தச் சத்தம் பரிச்சயமானதுதான். வேகத்தடையில் முன்சக்கரம் ஏறி இறங்கும்போது அடியிலிருந்து 'டொக்' என்று ஒரு தட்டு. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது காற்றும் எஞ்சினும் அதை அமுக்கிவிடும். டவுன்ஷிப்புக்குள் ஒரு வட்டத்திலிருந்து, அதாவது பிளாக்கிலிருந்து, இன்னொரு வட்டத்துக்கு மெதுவாக உருட்டிக்கொண்டு போகும்போது, அதிலும் ஜன்னல் இறக்கியிருந்தால், தெளிவாகக் கேட்கும். கேட்டாலும் "பழைய வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்" என்று விட்டுவிடுகிறோம்.

அப்படி விட்டுவிடக் கூடாது என்று சொல்லத்தான் இந்த நீளமான பதிவு. சமீபத்தில் எங்கள் வீட்டு டீசல் டிசையரில் இடது முன்பக்க லோயர் ஆர்மை அதன் பால் ஜாயிண்ட்டோடு சேர்த்து மாற்றினோம். மந்தாரக்குப்பத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன்தான் வேலையைச் செய்தார். நான் கூடவே இருந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், சில போல்ட்டுகளை நானே கழற்றினேன், அவரைக் கேள்விகளால் துளைத்தேன். அவர் சொன்னதில் பல விஷயங்கள் நம் ஊரில் வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை.

ஒரு குண்டும் ஒரு கிண்ணமும்

முன்சக்கரத்துக்கு இரண்டு வேலை. மேடு பள்ளத்துக்கு ஏற்ப மேலும் கீழும் ஏறி இறங்க வேண்டும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் இடமும் வலமும் திரும்ப வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். வண்டியின் அடியிலிருந்து சக்கரத்தை நோக்கி நீளும் இரும்புக் கைதான் லோயர் ஆர்ம். சக்கரமும் பிரேக்கும் மாட்டியிருக்கும் கனமான பாகம் நக்கிள். இந்த இரண்டும் சேரும் மூலையில் இருப்பது பால் ஜாயிண்ட்.

தலை உருண்டையாகக் கடைந்த ஒரு எஃகுத் தண்டு. அந்த உருண்டையைக் கவ்விப் பிடிக்கும் ஒரு இரும்புக் கிண்ணம். இரண்டுக்கும் நடுவில் வழுவழுப்பான பிளாஸ்டிக் படுகை, அதில் கிரீஸ். தண்டும் கிண்ணமும் சேரும் இடத்தை மூடி ஒரு ரப்பர் உறை. பட்டறையில் பூட் என்பார்கள். நம் இடுப்பு மூட்டும் இதே அமைப்புதான்: குண்டு, குழி, நடுவே வழுக்கும் திரவம். அதனால்தான் எந்தப் பக்கமும் திரும்ப முடிகிறது.

ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் ஃபவுடி என்பவர் 1922-இல் காருக்கான பால் ஜாயிண்ட்டை வடிவமைத்தார் என்று சொல்வார்கள். ஆனாலும் ரொம்ப காலத்துக்கு முன்சக்கரம் கிங் பின் என்ற தடித்த ஊசியைச் சுற்றித்தான் திரும்பிக்கொண்டிருந்தது. அமெரிக்கக் கார்களில் முன் சஸ்பென்ஷனுக்குப் பால் ஜாயிண்ட்டைக் கொண்டுவந்தது 1952-இன் லிங்கன். அதற்குச் சற்று முன்னதாகவே, 1950-இல், பிரிட்டன் ஃபோர்டின் கான்சல் காரில் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வந்துவிட்டது. எர்ல் மெக்ஃபெர்சன் என்ற பொறியாளர் செய்த ஏற்பாடு அது. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்கும். மேல் ஆர்ம் கிடையாது. இன்று நம் தெருவில் நிற்கும் ஸ்விஃப்ட், டிசையர், ஆல்டோ, ஐ10 எல்லாவற்றிலும் முன்பக்கம் இந்த அமைப்புதான்.

மேல் ஆர்ம் இல்லை என்பதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். மேலே ஸ்ட்ரட் பிடித்திருக்கிறது. கீழே சக்கரத்தை வண்டியோடு பிடித்து நிறுத்துவது ஒரே ஒரு பால் ஜாயிண்ட். வண்டியின் எடை ஸ்ட்ரட் வழியாக இறங்கிவிடும். இந்தக் குண்டு அதைச் சுமப்பதில்லை. ஆனால் வளைவில் சக்கரம் பக்கவாட்டில் தள்ளும் விசையையும், பிரேக் போடும்போது சக்கரம் பின்னால் இழுக்கும் விசையையும் தாங்குவது அதுதான். அது கழன்றுவிட்டால் சக்கரத்தின் அடிப்பகுதிக்குப் பிடிமானமே இல்லை. சக்கரம் மடிந்து மட்கார்டில் இடித்துக்கொண்டு நிற்கும், ஆக்சில் உருவிக்கொண்டு வரலாம், பிரேக் ஹோஸ் இழுபட்டு அறுந்து போகலாம், வண்டியின் மூக்கு ரோட்டில் உட்காரும். பார்க்கிங்கில் திருப்பும்போது இது நடந்தால் செலவோடு போகும். பண்ருட்டி ரோட்டில் எதிரே பஸ் வரும்போது நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

சுமையை விடத் தூசி கொடியது

என் அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழுப்பு நிலக்கரியையும் மேல்மண்ணையும் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டுகளுக்கு அடியில் வரிசை வரிசையாக உருளைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் பேரிங் உண்டு, அதற்கு சீல் உண்டு. பட்டறையிலிருந்து திரும்பி வந்து பழைய பால் ஜாயிண்ட்டைக் காட்டியபோது, அப்பா அதன் கிழிந்த ரப்பரைத்தான் முதலில் திருப்பிப் பார்த்தார். "பேரிங்கைச் சுமை கொல்றதை விட தூசி கொல்றதுதான் அதிகம்டா. சீல் போச்சுன்னா உள்ள இருக்கிறது எவ்வளவு நல்ல இரும்பா இருந்தாலும் நிக்காது" என்றார்.

இந்த ஊரின் மண்ணைப் பற்றி அவர் தலைமுறைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருப்பாக வந்த பொருளில் தொடங்குகிறது நெய்வேலியின் கதை. 1956-இல் அதைத் தோண்டியெடுப்பதற்கான சுரங்க நிறுவனம் பதிவானது, 1957 மே 20 அன்று நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார், 1961-இல் நிலக்கரி கண்ணில் பட்டது. ஆனால் அந்த நிலக்கரிக்கு மேலே கிடந்த கடலூர் மணற்கல், ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சத வாளிச்சக்கர எந்திரங்களுக்கே பெரிய சோதனையாக இருந்தது. வாளிகளின் பற்கள் வேகவேகமாகத் தேய்ந்தன. வெடி வைத்து மண்ணை இளக்கிக் கொடுத்தும், பற்களைக் கடினப்படுத்தியும்தான் சமாளித்தார்கள். எஃகுப் பல்லையே அரைத்துத் தின்ற அந்த மணற்கல்லின் பொடிதான் நம் ஊர்ச் செம்மண் தூசியில் கலந்திருக்கிறது. இதோடு அனல்மின் நிலையச் சாம்பல் வேறு. பார்க்க முகப்பவுடர் மாதிரி மிருதுவாக இருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும் கலந்த நுண்ணிய கண்ணாடிக் குண்டுகள். கிரீஸில் கலந்தால் அது தேய்ப்பான் பசைதான்.

அப்படித்தான் பால் ஜாயிண்ட் சாகிறது. ரப்பர் வயதாகி வெடிக்கிறது, அல்லது கல் தெறித்துக் கிழிகிறது, அல்லது கவனமில்லாத ஒருவர் வேறு வேலை செய்யும்போது ஸ்க்ரூ டிரைவரால் குத்திவிடுகிறார். கிழிசல் வழியாக கிரீஸ் பிதுங்கி வெளியே வருகிறது. தூசி உள்ளே போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழைத்தண்ணீர் போகிறது, குண்டின் பளபளப்பான மேல்பரப்பில் துரு பிடிக்கிறது. துருவும் மணலும் சேர்ந்து பிளாஸ்டிக் படுகையை அரைக்கின்றன. குண்டுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் குண்டு இடிக்கும் சத்தம்தான் நாம் கேட்கும் 'டொக்'.

பள்ளங்களும் தங்கள் பங்கைச் செய்கின்றன. விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, நெய்வேலி ஆர்ச் கேட், வடலூர், சேத்தியாத்தோப்பு, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகும் நெடுஞ்சாலையை நான்குவழியாக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தபோது அந்த ரோட்டில் போய்வந்தவர்களின் வண்டிகளெல்லாம் அடி வாங்கின. ஜல்லியும் மாற்றுப்பாதைகளும், மழைக்குப் பிறகு ஆழம் தெரியாத குழிகளும் அந்த நாட்களில் தினப்படி அனுபவம். ஆனாலும் உறை நன்றாக இருக்கும் பால் ஜாயிண்ட் இத்தனையையும் தாங்கிப் பல ஆண்டுகள் ஓடும் என்பதுதான் பட்டறை அண்ணனின் அனுபவம். உறை கிழிந்தது நல்ல ரோட்டில் ஓடினாலும் நிற்காது.

அம்பாசடர் காலத்தில் முன்பக்க இணைப்புகளில் கிரீஸ் நிப்பிள் இருக்கும். டிரைவர்கள் மறக்காமல் கன் வைத்து கிரீஸ் அடிப்பார்கள். அடிக்கும்போதே பழைய அழுக்கு கிரீஸ் வெளியே தள்ளப்படும், அடியில் என்ன நிலவரம் என்றும் ஒருவர் குனிந்து பார்த்துவிடுவார். இன்றைய கார்களில் பால் ஜாயிண்ட் ஆயுளுக்கும் மூடப்பட்டது. கிரீஸ் அடிக்கும் வேலை போனதோடு குனிந்து பார்க்கும் பழக்கமும் போய்விட்டது. அந்தப் பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

முன்பக்கச் சத்தம் எல்லாம் பால் ஜாயிண்ட் ஆகாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் தேவையில்லாத சாமான் மாற்றிக் காசு போகும். ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராட் தேய்ந்தால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சின்னச் சின்னப் பள்ளத்தில் இறங்கும்போது கடகடக்கும். ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட் போனால் நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதே முனகும். லோயர் ஆர்மை வண்டியோடு இணைக்கும் ரப்பர் புஷ் கிழிந்தால் பிரேக் போடும்போதும் விடும்போதும் ஒரு தட்டு வரும். டை ராட் எண்ட், ரேக் எண்ட் தேய்ந்தால் ஸ்டீயரிங் கைக்கு லூஸாகத் தெரியும்.

பால் ஜாயிண்ட் தேய்ந்தால் வேகத்தடையில் தட்டும். முழுக்கத் திருப்பி ஓட்டும்போது சில சமயம் 'கீச்' என்னும். வண்டி நேராகப் போகாமல் லேசாக மேயும். டயர் ஒரு ஓரமாகத் தேயும். இவை எல்லாம் அறிகுறிதான். உறுதி செய்ய வண்டியைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும்.

அண்ணன் பார்த்த விதத்தை அப்படியே சொல்கிறேன். முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரம் தரையில் படாமல் தொங்கும்படி ஸ்டாண்டில் நிறுத்தினார். டயரின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து உள்ளேயும் வெளியேயும் ஆட்டினார். லேசாக ஆட்டம் இருந்தது. "தம்பி, ஏறி உக்காந்து பிரேக்கை அழுத்திப் பிடிங்க" என்றார். அழுத்தினேன். மறுபடி ஆட்டினார். ஆட்டம் அப்படியே இருந்தது.

"இது எதுக்குண்ணே?" என்றேன்.

"வீல் பேரிங் போனாலும் இப்படித்தான் ஆடும். பிரேக் புடிச்சா பேரிங் ஆட்டம் நின்னுடும், ஹப்பும் நக்கிளும் ஒண்ணாயிடுது இல்ல? நிக்கலைன்னா ஆட்டம் வேற எடத்துல இருக்குன்னு அர்த்தம்."

பிறகு ஒரு நீளமான லீவரை ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவே கொடுத்து மெதுவாக நெம்பினார். என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். தண்டு கிண்ணத்துக்குள் மேலும் கீழும் நகர்வது கண்ணால் தெரிந்தது. உறையின் ஒரு பக்கம் பிளந்து, கருத்த கிரீஸில் செம்மண் அப்பியிருந்தது. அதற்கு மேல் சந்தேகத்துக்கு இடமில்லை. கடைசியாகச் சக்கரத்தின் இரு பக்கவாட்டிலும் கை வைத்து ஆட்டி டை ராட் எண்டையும் பார்த்தார். அது நன்றாக இருந்தது.

பொலேரோ, ஸ்கார்ப்பியோ வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் மேலும் கீழும் இரண்டு ஆர்ம், இரண்டு பால் ஜாயிண்ட். ஸ்பிரிங்கின் விசை லோயர் ஆர்ம் மேல்தான் இறங்குகிறது. சக்கரத்தைச் சும்மா தொங்கவிட்டுப் பார்த்தால் ஸ்பிரிங் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தை மறைத்துவிடும். லோயர் ஆர்முக்கு அடியிலேயே ஜாக்கி கொடுத்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். கழற்றும்போதும் ஆர்முக்குத் தாங்கல் கட்டாயம் வேண்டும். தாங்கல் இல்லாமல் பால் ஜாயிண்ட்டைப் பிரித்தால் அமுங்கிய ஸ்பிரிங் ஆளை அடித்துவிடும். அந்த வண்டிகளில் இந்த வேலையைப் பழக்கமில்லாதவர்கள் தொடவே கூடாது.

சாமான்

டிசையரில் பால் ஜாயிண்ட் லோயர் ஆர்மோடு சேர்ந்தே வருகிறது. ஆர்ம் முழுசாக மாற்றுவதுதான் கம்பெனி முறை. பால் ஜாயிண்ட்டை மட்டும் தனியாக வாங்கி, பழையதைப் பிரஸ் வைத்துத் தள்ளிவிட்டுப் புதிதை இறக்குவதும் பட்டறைகளில் உண்டு. நான் ஆர்ம் முழுசாகவே மாற்றச் சொன்னேன். காரணம் எளிது: பால் ஜாயிண்ட் வயதுதான் புஷ்களின் வயதும். ஒரே கழற்றலில் பால் ஜாயிண்ட்டும் இரண்டு புஷ்களும் புதிதாகிவிடுகின்றன. ஆர்மின் விலை ஒரு நல்ல டயரின் விலையை விடக் குறைவு.

பழைய பால் ஜாயிண்ட்டின் கிண்ணத்தை அழுத்தி "டைட்" செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். பாதி விலையில் வேலை முடியும், சத்தமும் நின்றுவிடும். தயவுசெய்து செய்யாதீர்கள். தேய்ந்த குண்டு தேய்ந்ததுதான், உள்ளே போன மணலும் அங்கேயேதான் இருக்கிறது. அழுத்தியதால் கிண்ணத்தின் விளிம்பும் பலவீனமாகிறது. சத்தம் நின்றதுதான் இதில் பெரிய ஆபத்து. எச்சரிக்கை செய்ய இருந்த ஒரே வழியையும் அடைத்துவிடுகிறோம்.

டூப்ளிகேட் பெட்டிகளும் சந்தையில் உண்டு. கம்பெனி ஷோரூம் கவுண்டரில் வாங்குங்கள், அல்லது பெயர் பெற்ற தயாரிப்பாளரின் பொருளை அங்கீகாரம் பெற்ற கடையில் பில்லோடு வாங்குங்கள். இந்தப் பொருளில் தமிழ்நாட்டுக்கு நல்ல பாரம்பரியம் உண்டு. 1929-இல் சென்னையில் தொடங்கிய ரானே குழுமம், சுதந்திரத்துக்குப் பிறகு உற்பத்தியில் இறங்கியபோது கையில் எடுத்தது ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் இணைப்புகளைத்தான். டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட் எல்லாம் நம் சென்னையிலேயே செய்யப்பட்டு நாடு முழுக்கப் போயின. நல்ல பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது சக்கரத்தைப் பிடித்திருக்கும் பாகத்தில் போலி வாங்கக் கூடாது.

கழற்றுவதும் மாட்டுவதும்

தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். வீட்டு வாசல் செம்மண்ணில் ஜாக்கி போட்டால் மழை பெய்த ஈரத்தில் சாய்ந்துவிடும். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, வீல் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே இளக்கிவிட வேண்டும். தூக்கிய பிறகு வண்டி ஸ்டாண்டில்தான் நிற்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடுவது உயிரோடு விளையாடுவது.

சக்கரத்தைக் கழற்றியதும் அண்ணன் முதலில் போல்ட்டுகளில் துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஊற விட்டார், கம்பி பிரஷ்ஷால் மரைகளைத் தேய்த்தார். சுசூகி வண்டிகளில் பால் ஜாயிண்ட்டின் தண்டு நக்கிளில் உள்ள ஒரு பிளவுபட்ட துளைக்குள் நுழைந்து, குறுக்கே ஒரு போல்ட்டால் நெருக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும். தண்டின் கழுத்தில் ஒரு பள்ளம் உண்டு. போல்ட் அந்தப் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். அதனால் போல்ட்டை இளக்கினால் மட்டும் போதாது, முழுக்க உருவினால்தான் தண்டு இறங்கும். இது தெரியாமல் சம்மட்டியால் அடித்து நக்கிளை நாசமாக்கிய கதைகள் அண்ணனிடம் நிறைய இருந்தன.

போல்ட்டை உருவிய பிறகு பிளவில் ஒரு உளியை லேசாகத் தட்டிச் செருகினார். துளை முடியளவு விரிந்தது. அதிகம் விரித்தால் நக்கிள் விரிசல் விடும். பிறகு ஆர்மின் மேல் நீளமான கம்பியை வைத்துக் கீழே அமுக்கினார். தண்டு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அந்த நொடியில் நக்கிள் எந்தப் பிடியும் இல்லாமல் வெளிப்பக்கம் சாயும். "தம்பி, வெளியே இழுக்காதீங்க, அப்படியே புடிச்சுக்குங்க" என்று என்னைப் பிடிக்க வைத்தார். இழுத்தால் ஆக்சிலின் உள்பக்க ஜாயிண்ட் கியர்பாக்ஸ் பக்கத்தில் உருவிக்கொள்ளும். பிரேக் ஹோஸும், ஏபிஎஸ் இருந்தால் அதன் ஒயரும் இழுபடும். பிறகு சேஸிஸ் பக்கம் புஷ் போல்ட்டுகளைக் கழற்றியதும் ஆர்ம் கையோடு வந்துவிட்டது.

வேறு சில வண்டிகளில் தண்டு கூம்பாக இருக்கும், நக்கிளில் இறுகி உட்கார்ந்து, மேலே வெட்டு வைத்த நட்டும் ஸ்பிளிட் பின்னும் பிடித்திருக்கும். அதைப் பிரிக்க புல்லர் வேண்டும். கவைக்கம்பியை அடித்து ஏற்றினால் பிரியும், ஆனால் ரப்பர் உறை கிழியும்; பழைய பால் ஜாயிண்ட்டைத் தூக்கிப் போடுவதானால் பரவாயில்லை, வேறு வேலைக்காகப் பிரிக்கும்போது அப்படிச் செய்யவே கூடாது. மாட்டும்போது நட்டின் வெட்டும் தண்டின் துளையும் நேராக வரவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேர் செய்ய வேண்டும், இளக்கி நேர் செய்யக் கூடாது. ஸ்பிளிட் பின் எப்போதும் புதிது.

புது ஆர்மை மாட்டும் முன் நக்கிள் துளையைத் துடைத்துத் துருவைத் தேய்த்தெடுத்தார். தண்டை ஏற்றி, அதன் பள்ளம் போல்ட் துளைக்கு நேராக வந்ததா என்று விளக்கு அடித்துப் பார்த்தார். நெருக்குப் போல்ட்டைப் புதிதாகப் போட்டு, டார்க் ரெஞ்சில் கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்கினார்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே புஷ்ஷை முறுக்குங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். சேஸிஸ் பக்கத்து புஷ் என்பது இரும்புக் குழாயோடு ஒட்டிய ரப்பர். ஆர்ம் ஏறி இறங்கும்போது அந்த ரப்பர் முறுக்கிக்கொடுத்து மீண்டும் இயல்புக்கு வரும். வண்டி தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் புஷ் போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டால், தொங்கும் அந்த நிலையே ரப்பருக்கு இயல்பு நிலையாகிவிடும். வண்டியைத் தரையில் இறக்கிய நொடியிலிருந்து ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், நின்றாலும் ஓடினாலும். பள்ளத்தில் இறங்கும்போது இன்னும் முறுக்கும். புது புஷ் சீக்கிரமே கிழிந்துவிடும். "புதுசு போட்டும் சத்தம் வந்துடுச்சு, சாமான் சரியில்லை" என்று பிறகு பொருளைக் குறை சொல்வோம்.

அண்ணன் தூக்கிய நிலையில் புஷ் போல்ட்டுகளைக் கைப்பிடிக்கு மட்டும் இறுக்கினார். சக்கரத்தை மாட்டி, முன்பக்கத்தைச் சரிவுப்பலகை மேல் ஏற்றி, வண்டியின் எடை முழுக்கச் சக்கரத்தில் இருக்கும்போது முன்பக்கத்தைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டார். ஸ்பிரிங் தன் இடத்துக்கு வந்த பிறகுதான் அடியில் படுத்து முழு முறுக்கு கொடுத்தார். கூடுதலாகச் சில நிமிடம்தான் ஆகிறது. அந்தச் சில நிமிடத்தைப் பல இடங்களில் மிச்சம் பிடிக்கிறார்கள். நீங்கள் எங்கே கொடுத்தாலும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

வலது பக்கத்தையும் சோதித்தோம். அங்கே ஆட்டம் இல்லை, ஆனால் உறையில் வெடிப்பு தெரிந்தது. அதையும் அன்றைக்கே மாற்றினோம். இரண்டும் ஒரே நாளில் ஓடத் தொடங்கியவை, ஒரே தூசியில் ஓடியவை. பிறகு வீல் அலைன்மெண்ட். லோயர் ஆர்ம் மாற்றினால் சக்கரத்தின் கோணம் சற்றேனும் மாறும். பார்க்காமல் விட்டால் புது டயரை ஓரமாகத் தின்றுவிடும்.

உறை கிழிந்து தூசி இன்னும் உள்ளே போகவில்லை, ஆட்டமும் இல்லை என்றால் உறையை மட்டும் மாற்றிப் புது கிரீஸ் வைத்துக் காப்பாற்றலாம். கிழிந்த உடனே பார்த்தால்தான் அது முடியும். நம் ஊரில் தாமதித்தால் முடியாது.

பெரிய கம்பெனிகளே பயப்படும் இடம்

இவ்வளவு சின்னப் பாகத்துக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். 2005 மே மாதம் அமெரிக்காவில் டொயோட்டா நிறுவனம் டகோமா, டன்ட்ரா, செக்வோயா, 4ரன்னர் வண்டிகளை லட்சக்கணக்கில் திரும்ப அழைத்தது. காரணம் முன்பக்க பால் ஜாயிண்ட். தயாரிப்பின்போது குண்டின் மேல்பரப்பில் கீறல் விழுந்திருக்கலாம், அதனால் தேய்மானம் கூடி ஆட்டம் வரலாம் என்பதுதான் விஷயம். கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறலுக்காக அத்தனை வண்டிகள். நம் நாட்டில் 2023 ஜூலையில் மாருதி சுசூகி எஸ்-பிரஸ்ஸோ, ஈகோ வண்டிகள் 87,599-ஐ ஸ்டீயரிங் டை ராடில் இருக்கக்கூடிய குறைக்காகத் திரும்ப அழைத்தது. தயாரித்தவர்கள் கீறலுக்கே பயந்து வண்டியைத் திரும்ப அழைக்கிறார்கள். நம் பால் ஜாயிண்ட்டில் மணல் அரைக்கிற சத்தம் கேட்டும் நாம் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஷிப்டுக்கு ஷிப்ட் பேரிங்கைத் தொட்டுப் பார்த்து, சத்தம் கேட்டு, பழுதாகும் முன்பே மாற்றிப் பழகிய ஊர் இது. அந்தக் கைப்பழக்கம் இருக்கும் வீடுகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அதே கவனத்தை வாசலில் நிற்கும் வண்டிக்கும் கொடுக்கச் சொல்கிறேன்.

பதிவைப் படிக்கும் நெய்வேலி, வடலூர், பண்ருட்டி, விருத்தாசலம் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு, செல்போன் விளக்கை அடித்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் ஆர்மின் நுனியில் இருக்கும் ரப்பர் உறையைப் பாருங்கள். பிறகு மறுபக்கம். வண்டியைத் தூக்கவும் வேண்டாம், எதையும் கழற்றவும் வேண்டாம். உறை முழுசாக, காய்ந்து இருந்தால் நல்லது. கிரீஸ் கசிந்து மண் அப்பியிருந்தால் அந்த வாரமே மாற்றிவிடுங்கள்.